நாற்பது வயதில் ஒரு மாணவர்

2023 ஜூலையில் தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உலகின் மிக நுண்ணிய சிப்புகளைச் செய்துதரும் நிறுவனம் அது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரின் வடக்கே பாலைநிலத்தில் அது கட்டிக்கொண்டிருந்த முதல் ஆலை 2024-இல் உற்பத்தியைத் தொடங்காது, 2025 வரை தள்ளிப்போகும் என்பதே செய்தி. திட்டத்துக்கு அப்போது அறிவித்திருந்த மொத்த முதலீடு 4,000 கோடி டாலர். நிலம் இருந்தது, பணம் இருந்தது, அரசின் ஆதரவும் இருந்தது. அந்த நுட்பமான இயந்திரங்களைப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று நிறுவனத்தின் அப்போதைய தலைவர் மார்க் லியு காரணம் சொன்னார். தைவானிலிருந்து அனுபவசாலிகளை வரவழைக்கப்போவதாகவும் சொன்னார். அரிசோனாவின் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்களுக்கு என்ன குறை என்று அவை கேட்டன.

அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. அதற்கு அடியில் கிடக்கும் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தேர்ந்த கை எங்கே உருவாகிறது?

பொறியாளர் எங்கே உருவாகிறார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லும். ஆலையின் தளத்தில் நிற்கும் தொழில்நுட்பப் பணியாளரைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு ரோபோக் கை பாதி வேலையில் நின்றுவிடுகிறது. அதோடு சேர்ந்து உற்பத்தி வரிசை முழுவதும் நிற்கிறது. சென்சார் மேல் தூசி படிந்ததா, ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் இறங்கியதா, எங்கோ ஒரு கேபிள் தளர்ந்ததா, இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கணினியின் புரோகிராமில் பிழையா? அந்த நேரத்தில் அங்கே ஓடிவருபவருக்கு மின்சாரம் தெரிந்திருக்க வேண்டும், இயந்திரம் தெரிந்திருக்க வேண்டும், புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். பேரிங் தேய்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். தாளில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்ததும் பொருளின் முழு வடிவமும் அவர் மனத்தில் எழ வேண்டும். மைக்ரான் கணக்கில் ஒரு பிசகு நேர்ந்தால் அந்த ஜாப் முழுவதும் கழிவாகிவிடும் என்பது அவர் விரல்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இதை வெறும் கைவேலை என்று ஒதுக்குகிறவர் ஒருநாளும் அந்தத் தளத்தில் நின்று பார்த்ததில்லை. நான்காண்டுப் பட்டம் வாங்கினால் இது தானாக வந்துவிடும் என்று நினைப்பவரும் பார்த்ததில்லை. பள்ளியைத் தாண்டி, பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பக்கம், அறிவும் கையும் சேர்ந்து பழக ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடத்தை அமெரிக்கா நூறாண்டுக்கும் மேலாக வளர்த்து வந்திருக்கிறது. அதற்குச் சமுதாயக் கல்லூரி என்று பெயர்.

அதன் தொடக்கம் மிகச் சிறியது. சிகாகோவுக்குத் தென்மேற்கே ஜோலியட் என்ற ஊர். 1901-இல் அவ்வூர் உயர்நிலைப்பள்ளியை நடத்திவந்த ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை மாணவர்கள் சொந்த ஊரிலேயே படிக்கட்டும் என்பது திட்டம். முதலில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். தொழிற்பயிற்சி அப்போது அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. 1930-களின் பெருமந்தம் வேலையிழந்தவர்களை இக்கல்லூரிகளின் வாசலுக்கு அனுப்பியது, தொழிற்பாடங்கள் பெருகின. போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க 1944-இல் ஒரு சட்டம் வந்தது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம், வீட்டுக்கு அருகே, எளியவருக்கும் எட்டும்படியான கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்றது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியது அதன் பிறகுதான். 1960-களில் வாரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் புதியவை திறக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள்.

இந்த வரலாற்றில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. இக்கல்லூரிகள் வளர்ந்த காலங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். வேலையிழந்தவன் வந்தபோது வளர்ந்தன. போரிலிருந்து திரும்பியவன் வந்தபோது வளர்ந்தன. 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோதும் மாணவர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. வாழ்க்கையை மறுபடி தொடங்க வேண்டியவர்கள்தாம் ஒவ்வொரு முறையும் இவற்றை வளர்த்திருக்கிறார்கள்.

அதற்கு ஏற்றபடியே இவற்றின் நடைமுறையும் அமைந்தது. பள்ளி முடித்த எவரும் சேரலாம். பழைய மதிப்பெண் தடையாக வராது. சில மாதச் சான்றிதழும் உண்டு, இரண்டாண்டு அசோசியேட் பட்டமும் உண்டு. மாலை வகுப்பு உண்டு. விரும்பினால் இரண்டாண்டு முடித்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். பதினெட்டு வயதுப் பெண் உயிரியல் படிக்கும் கட்டடத்திலேயே, இரவு ஷிஃப்ட் முடித்து வந்த மெக்கானிக் பி.எல்.சி. படிக்கிறார். அடுத்த அறையில் புதிதாகக் குடியேறிய ஒரு தாய் ஆங்கிலம் கற்கிறார். செவிலியரும் வெல்டரும் தீயணைப்பு வீரரும் இங்கிருந்தே புறப்படுகிறார்கள்.

தொழிலும் கல்லூரியும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென் கரோலினா மாநிலம் நல்ல சாட்சி. ஒருகாலத்தில் பருத்தி வயலும் நூற்பாலையுமே அங்கே வாழ்வாக இருந்தன. வயலில் இயந்திரம் இறங்கியதும் ஆட்களுக்கு வேலை போனது; ஆலைகளில் கூலியோ குறைவு. புதுத் தொழில்களை அழைக்கலாம் என்றால், வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தேர்ந்த ஆட்கள் இல்லை. 1961-இல் ஆளுநர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் காலத்தில் மாநிலம் முழுவதும் தொழில்நுட்பப் பயிற்சி மையங்கள் அமைக்கச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே கிரீன்வில்லில் முதல் மையம் திறந்தது. புதிதாக வரும் ஆலைக்கு வேண்டிய ஆட்களை தன் செலவிலேயே பயிற்றுவித்துத் தருவது மாநிலம் ஏற்படுத்திய வழக்கம். 1992-இல் பி.எம்.டபிள்யூ. அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தது. 1994-இல் ஸ்பார்ட்டன்பர்க் பகுதியின் ஆலையிலிருந்து முதல் கார்கள் வெளிவந்தன. 2011 முதல் அந்நிறுவனமும் சுற்றியுள்ள தொழில்நுட்பக் கல்லூரிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை நடத்துகின்றன. மாணவர் கல்லூரியிலும் படிக்கிறார், ஆலையில் பகுதிநேரம் சம்பளத்துக்கு வேலையும் பார்க்கிறார். காலையில் கற்ற பாடம் மாலையில் கைக்கு வருகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு வெற்றிக் கதை கிடைக்கும். ஆனால் நேர்மையாகப் பார்க்கிறவர் இதோடு நிறுத்த முடியாது. ஆலை வந்தபோது கல்லூரி ஆள் தந்தது, சரி. ஆலை போய்விட்டால்?

விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்று ஒரு நகரம். தலைமுறை தலைமுறையாக ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். 2008 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அந்த ஆலையின் உற்பத்தி நின்றது. வேலையிழந்தவர்கள் அருகிலிருந்த பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாக்களும் அம்மாக்களும் புத்தகப் பையோடு போனார்கள். பலருக்குக் கணினியை எப்படி இயக்குவது என்றே தெரியவில்லை. கல்லூரி அதற்குத் தனிப் பயிற்சி தொடங்க வேண்டியிருந்தது. பத்திரிகையாளர் ஏமி கோல்ட்ஸ்டீன் பல ஆண்டுகள் அந்த ஊரைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் ஒரு நூல் வெளியிட்டார். பொருளியல் அறிஞர்களின் துணையோடு கணக்குகளையும் ஆராய்ந்தார். மறுபடி படிக்கப் போனவர்களைவிட, போகாமல் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டவர்களே அந்தப் பகுதியில் அதிகம் சம்பாதித்தார்கள் என்ற முடிவு வந்தது.

படித்தவர் பின்தங்கினார் என்ற இந்த முடிவு, கல்வியில் நம்பிக்கை வைத்த யாரையும் உலுக்கும். என்னையும் உலுக்கியது. ஆனால் இதிலிருந்து மறுபயிற்சியே வீண் என்று சொல்லிவிடுவது அவசரம். கல்லூரி திறனைத்தான் தர முடியும், வேலையை உண்டாக்க முடியாது. ஊரில் தொழிலே இல்லாதபோது சான்றிதழ் என்ன செய்யும்? மேலும், இருபது ஆண்டு ஒரே வேலையைச் செய்துவிட்டு, திடீரென்று ஒருநாள், கவலையோடும் கடனோடும் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். வேலை இருந்த காலத்திலேயே அந்த வகுப்பு அவர்களுக்குப் பழகிய இடமாக இருந்திருந்தால்? ஆண்டுக்கு ஒரு பாடம், மாலையில் ஒரு மணி நேரம் என்று கல்லூரியோடு உறவு அறாமல் இருந்திருந்தால்? வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொடுக்கும் வேலையை அந்தக் கல்லூரி மீது சுமத்தினோம். அது தடுமாறியதில் வியப்பில்லை.

இதே பாடம் வேறொரு பக்கத்திலிருந்தும் கிடைக்கிறது. சமுதாயக் கல்லூரிகளின் பெரிய குறை, சேர்கிறவர்களில் பெரும்பகுதி முடிக்காமல் போவது. சிலருக்கு வேலை, சிலருக்குக் குழந்தை, சிலருக்குப் பேருந்துக் கட்டணம், சிலருக்குப் புத்தக விலை என்று காரணங்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க ஒப்புக்கொண்ட மாணவருக்கு ரயில், பேருந்துப் பயண அட்டை தந்தார்கள். புத்தகச் செலவுக்கு உதவினார்கள். உதவித்தொகை போக மிஞ்சிய கட்டணத்தை ஏற்றுக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அடிக்கடி உட்காரவைத்துப் பேசும் ஆலோசகர் ஒருவரைத் தந்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் மாணவர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். மூன்றாண்டில் படிப்பை முடித்தவர்கள் வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 22 பேர். திட்டத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கு 40 பேர். ஒஹையோ மாநிலக் கல்லூரிகளில் இதே முறையைச் செய்து பார்த்தபோதும் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாடம் மாறவில்லை, தேர்வு மாறவில்லை, மாணவரும் மாறவில்லை. செலவுக்குக் கைகொடுத்து, அவரைத் தனியே விடாமல் ஒருவர் கூட நின்றார், அவ்வளவுதான். தகுதி இல்லாதவர் என்று நாம் முத்திரை குத்திய பலர், துணை இல்லாதவர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

ஜோலியட், தென் கரோலினா, ஜேன்ஸ்வில், நியூயார்க் என்று நான்கு இடங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியே பிசகு என்று தோன்றுகிறது. தொழில்துறைக்கு எத்தனை ஆயிரம் தேர்ந்த ஆட்கள் தேவை, அவர்களை எத்தனை மாதத்தில் உருவாக்கலாம் என்று கேட்கிறோம். இரும்பை வார்த்து எடுப்பதுபோல் ஆட்களை எண்ணிக்கை போட்டு எடுத்துவிடலாம் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அரிசோனாவில் 2022-இல் இன்டெல் நிறுவனமும் மரிகோபா சமுதாயக் கல்லூரிகளும் சேர்ந்து சிப் ஆலை வேலைக்குப் பத்து நாள் பயிற்சி ஒன்றைத் தொடங்கின. தொழிலை எட்டிப் பார்க்க அது நல்ல ஜன்னல். ஆனால் பத்து நாளில் ஒருவரை அறிமுகம் செய்யலாம், தேர்ந்தவராக்க முடியாது. தேர்ச்சிக்குக் காலம் வேண்டும். காலம் போனால் இயந்திரமும் மாறிவிடுகிறது. கையால் லேத் ஓட்டியவர் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தைக் கற்றார், சி.என்.சி. கற்றவர் இன்று ரோபோவோடு வேலை செய்யக் கற்கிறார். அவர் மகள் இன்னும் பெயர் வைக்கப்படாத ஒன்றைக் கற்க வேண்டியிருக்கும். ஒருமுறை படித்ததை வைத்து முப்பது ஆண்டு பிழைத்த காலம் முடிந்துவிட்டது.

ஆகவே ஒரு நாட்டின் தொழில்திறனை அதன் ஆலைகளைக் கொண்டு அளப்பது போதாது. பட்டங்களின் எண்ணிக்கையும் போதாது. நாற்பது வயது மனிதர் ஒருவர், ஷிஃப்ட் முடித்த கையோடு, வெட்கமும் பயமும் இல்லாமல் ஒரு வகுப்பில் வந்து உட்கார முடிகிறதா என்பதே அளவுகோல். அவர் மறுபடி மறுபடி வர முடிகிற நாடு எந்த இயந்திரத்தையும் சமாளித்துவிடும். அவருக்கு வாசல் இல்லாத நாட்டில் எத்தனை கோடி கொட்டி ஆலை எழுப்பினாலும், அடுத்த இயந்திரம் வரும்போது பற்றாக்குறை மறுபடி தலைகாட்டும்.

இந்த எண்ணம் நமக்கும் புதிதில்லை. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. சென்னை முயற்சியை முன்னின்று வளர்த்தவர் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ். பள்ளியைப் பாதியில் விட்டவர்களையும் ஏழைகளையும் பெண்களையும் தேடிப்போய்ச் சேர்த்து, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடப் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கற்பித்த இயக்கம் அது. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சமுதாயக் கல்லூரிகளுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது.

அதற்கு முன்பே நம்மிடம் வழிகள் உண்டு. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் பிள்ளைகள்தாம் நம் ஐ.டி.ஐ.கள். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமா முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டு சேரலாம். கோவையில், பகலில் பம்பும் நூற்பாலை இயந்திரமும் செய்யும் டிப்ளமாக்காரர்கள் மாலையில் பகுதிநேரப் பொறியியல் வகுப்புக்குப் போவது பல காலமாக நடக்கிறது. 2022-இல் தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை ரோபோட்டிக்ஸ் முதலான புதிய தொழில்நுட்பங்களுக்கு ஏற்பத் தரம் உயர்த்த, டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது.

படிக்கட்டு இருக்கிறது, இயந்திரமும் வருகிறது. குறைவது மதிப்பு. "மார்க் கம்மி, அதான் ஐ.டி.ஐ." என்று சொந்தத் தகப்பனே உறவினர் முன்னால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார். பதினைந்து வயதில் அந்தப் பையன் காதில் விழும் அந்தச் சொல், வாழ்நாள் முழுக்க அவன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கருவியைத் தொடுகிறவர் கீழ், தொடாமல் உத்தரவிடுகிறவர் மேல் என்று சாதி நமக்குக் கற்பித்த பழைய பாடத்தின் மிச்சம் இது. ஆயுத பூசையன்று ஸ்பானருக்குச் சந்தனம் வைக்கிறோம். அதைப் பிடித்த கைக்கு மறுநாளே மரியாதை குறைக்கிறோம். இப்படி ஒருமுறை சிறுமைப்பட்டு வெளியேறியவர், நாற்பது வயதில் எந்த முகத்தோடு வகுப்புக்குத் திரும்பி வருவார்?

அரசு செய்ய வேண்டியது உண்டு. பகலில் நிறைந்திருக்கும் ஐ.டி.ஐ. பட்டறைகளில் மாலையிலும் விளக்கு எரியட்டும். வயது கேட்காமல், பழைய மதிப்பெண் கேட்காமல் சேர்க்கட்டும். பயண அட்டையும், கூட நின்று கேட்க ஓர் ஆலோசகரும் கிடைக்கட்டும். தொழிற்சாலைகள் செய்ய வேண்டியதும் உண்டு. தேர்ந்த ஆள் கிடைக்கவில்லை என்று குறைபடும் நிறுவனம், தன்னிடம் இருக்கும் ஆளைச் சம்பளத்தோடு படிக்க அனுப்பட்டும்.

நீங்களும் நானும் செய்ய வேண்டியதற்குப் பணமே வேண்டாம். அடுத்த முறை ஒரு பிள்ளை ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னால், மார்க் என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். என்ன ட்ரேடு என்று கேளுங்கள். ஃபிட்டர் என்பான், அல்லது எலக்ட்ரீஷியன் என்பாள். என்ன செய்யக் கற்றாய் என்று மேலும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேளுங்கள்.